பெட்டியில் 1929, காரில் 4-ம் நம்பர்: இது எந்த பென்ட்லி?

தகரடப்பா

வணக்கம் மக்களே. சின்ன சந்தேகம்தான், ஆனா ரெண்டு நாளா தூக்கத்தைக் கெடுக்குது.

போன ஞாயிறு ஒரு பழைய சாமான் கடையில் பென்ட்லி பொம்மைக் கார் ஒண்ணு கிடைச்சுது. (பொம்மைன்னு சொன்னா வீட்டுல சிரிக்கிறாங்க. இனிமே மாடல்.) கரும்பச்சை நிறம், பானெட்டுக்குக் குறுக்கே தோல்வார், முதுகுல பெரிய பெட்ரோல் டேங்க், பக்கவாட்டில் 4-ம் நம்பர். பெட்டி மேல ‘லெ மான்ஸ் 1929, முதலிடம்’னு அச்சடிச்சிருக்கு.

என் பையன் 1929 பந்தயத்தோட போட்டோ ஒண்ணைத் தேடி எடுத்துட்டு வந்து, "அப்பா, இதுல ஜெயிச்ச கார்ல 1-ன்னுல்ல இருக்கு"ங்கிறான். கடைக்காரர்கிட்ட கேட்டா, "பென்ட்லி ஜெயிச்சுதா இல்லையா, அதைப் பாருங்க"ன்னுட்டார்.

பெட்டி தப்பா, பெயின்ட் தப்பா? நிஜமான அந்தக் கார் இப்ப உலகத்துல எங்கேயாவது இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_பிஸ்டன்

தம்பி, பெயின்ட் சரி. பெட்டி பாதிதான் பொய்.

1929 ஜூன் 15, 16 பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயிச்சது பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ். ஓட்டியவர்கள் வுல்ஃப் பார்னாட்டோவும் டிம் பிர்கினும். கார் எண் 1. 174 சுற்று, 2,843 கிலோமீட்டர். அதற்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எல்லாமே பென்ட்லிதான், நாலரை லிட்டர் வண்டிகள். அந்த 1-ம் நம்பரால்தான் அதற்கு ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

அடுத்த வருடம், 1930 ஜூன் 21, 22. பார்னாட்டோ மறுபடி வந்தார். இந்த முறை கூட ஓட்டியவர் கடற்படைக்காரர் க்ளென் கிட்ஸ்டன். 179 சுற்று, 2,930 கிலோமீட்டர், மறுபடி முதலிடம். அன்றைக்குக் காரில் இருந்த எண் 4. வேடிக்கை என்னவென்றால் அந்த வருடம் 1-ம் நம்பரை ஒட்டிக்கொண்டு வந்தது எதிராளி: கரச்சோலாவும் வெர்னரும் ஓட்டிய மெர்சிடிஸ் எஸ்எஸ்கே. சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் கருவி) வைத்த 7 லிட்டர் ராட்சசன். பிர்கின் அப்போது தனியாக ஒரு சூப்பர்சார்ஜர் பென்ட்லியில் வந்து, டயர் பிய்ந்து தொங்கத் தொங்க, ஒரு பக்கச் சக்கரத்தைப் புல்லில் இறக்கி அந்த மெர்சிடிஸை முந்தினார். இரவில் மின்சாரக் கோளாறில் மெர்சிடிஸ் நின்றுவிட்டது. விடிந்த பிறகு பென்ட்லிக்குப் போட்டியே இல்லை.

ஆக உன்னிடம் இருப்பது 1930-ல் ஜெயித்த கார். பெட்டி அச்சடித்தவர் ஒரு வருடம் பிசகிவிட்டார்.

மஞ்சள்_ஹெட்லைட்

பிஸ்டன் சார், அப்ப 29-ல ஓடினது ஒரு கார், 30-ல ஓடினது வேற காரா?

பழைய_பிஸ்டன்

இல்லை. ரெண்டும் ஒரே கார். சேசிஸ் (அடிச்சட்டம்) எண் எல்பி 2332, பதிவு எண் எம்டி 3464. ஒரே வண்டி அடுத்தடுத்து ரெண்டு லெ மான்ஸ் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. அதனால்தான் பெட்டி பாதி பொய் என்றேன். 1929-ல் ஜெயித்த கார்தான், ஆனால் 1929-ன் கார் இல்லை.

மஞ்சள்_ஹெட்லைட்

புரியல சார். 😅

பழைய_பிஸ்டன்

புரியாததுதான் சரி. இந்த விஷயத்தில் லண்டன் கோர்ட்டே திணறியது. முதலில் கார் என்னென்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்.

ஸ்பீட் சிக்ஸ் எஞ்சின் ஆறு சிலிண்டர், 6,597 சிசி. ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு, அந்தக் காலத்திலேயே. வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டைச் சுற்றுவதற்குச் செயின் கிடையாது, மூன்று கம்பிகள் ரயில் எஞ்சின் சக்கரத்துக் கம்பி மாதிரி ஏறி இறங்கும். கம்பெனியைத் தொடங்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லி தொழில் பழகியது டான்காஸ்டர் ரயில்வே பட்டறையில். கை பழகினதை விடுமா?

1929-ல் லெ மான்ஸ் முடிந்த கொஞ்ச நாளில் இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸ் ஓட்டப் பாதையில் 6 மணி நேரப் பந்தயம், பார்னாட்டோவும் ஜாக் டன்ஃபீயும் ஜெயித்தார்கள். ஜூலையில் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் ஐரிஷ் கிராண்ட் ப்ரீ, கிட்ஸ்டன் ஓட்டி இரண்டாமிடம். 1930-ல் மறுபடி லெ மான்ஸ். அத்தோடு பென்ட்லி கம்பெனி பந்தயத்திலிருந்து விலகியது. 1931 ஜூலையில் கம்பெனியே மூழ்கியது. நவம்பரில் ரோல்ஸ் ராய்ஸ் வாங்கிக்கொண்டது.

ஆனால் கார் நிற்கவில்லை. சாலைப் பந்தய உடலைக் கழற்றிவிட்டு, ப்ரூக்லண்ட்ஸ் ஓட்டத்துக்கு ஒடுக்கமான உடல் கட்டினார்கள். 1931 இலையுதிர் காலத்தில், கம்பெனி கோர்ட்டில் ஏலம் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஜாக் டன்ஃபீயும் சிரில் பாலும் அதை ஓட்டி 500 மைல் பந்தயம் ஜெயித்தார்கள்.

1932-ல் எஞ்சினையும் மாற்றினார்கள். பென்ட்லியின் 8 லிட்டர் எஞ்சின். செப்டம்பர் 24, அதே 500 மைல் பந்தயம். அண்ணன் ஜாக்கிடமிருந்து காரை வாங்கி ஓட்டினார் தம்பி கிளைவ் டன்ஃபீ. பாதையின் சரிவான கரையில் உச்சி விளிம்பில் ஒரு சக்கரம் ஏறியது. கார் கரைக்கு அந்தப் பக்கம் மரங்களுக்குள் போய் விழுந்தது. கிளைவ் அந்த இடத்திலேயே போய்விட்டார். அண்ணன் பிட்டில் நின்றுகொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அது பந்தயத்துக்கு வரவில்லை. நொறுங்கியதைத் திரும்பக் கட்டி, 8 லிட்டர் எஞ்சினோடு சாலைக்கு ஏற்ற கூபே (கூரை மூடிய, ரெண்டு கதவு) உடல் போட்டு பார்னாட்டோவுக்காகச் செய்தார்கள். பல பத்தாண்டு கழித்து அந்த உடலும் போய், லெ மான்ஸ் காலத்து உருவம் மாதிரி ஒரு திறந்த உடல் வந்தது.

இப்போது சொல்லுங்கள். எது அந்தக் கார்?

கணக்குப்பிள்ளை

ஒரு சின்னத் திருத்தம். சாலைப் பந்தயக் கணக்கில் ப்ரூக்லண்ட்ஸ் சேராது. அது 1907-ல் கட்டின கான்கிரீட் வட்டப் பாதை, கிண்ணம் மாதிரி சரிவு. லெ மான்ஸ்தான் நிஜச் சாலை. 16.34 கிலோமீட்டர் சுற்றில் பாதிக்கு மேல் சாதாரண நாளில் மாட்டு வண்டியும் லாரியும் போகிற பாதை. மல்சேன் நேர்கோடு என்பது லெ மான்ஸிலிருந்து டூர் ஊருக்குப் போகிற நெடுஞ்சாலைதான்.

பழைய_பிஸ்டன்

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரின் உடம்பு மாறியதே அந்தக் கான்கிரீட்டுக்காகத்தான். அதை விட்டுவிட்டுக் கதை சொன்னால் நடுவில் ஓட்டை விழும்.

மஞ்சள்_ஹெட்லைட்

சம்பந்தமில்லாம ஒண்ணு: 1930 லெ மான்ஸ்ல ரெண்டு பொண்ணுங்க ஓட்டினாங்கன்னு படிச்சேனே, நிஜமா?

கணக்குப்பிள்ளை

நிஜம். மார்கெரித் மாரூஸ், ஒதெத் சிக்கோ. 1.5 லிட்டர் புகாட்டியில் ஏழாவது இடம். லெ மான்ஸில் பெண்கள் ஓட்டியது அதுதான் முதல் தடவை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

குமாஸ்தா_கோட்டு

கோர்ட் கதை என்னோட பேட்டை, நான் சொல்றேன்.

1990 ஏப்ரல்ல இந்தக் காரை அதன் உரிமையாளர் ஒரு கம்பெனிக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். மிடில்பிரிட்ஜ் சிமிட்டார்னு பெயர், ஜப்பானியப் பணம் பின்னால இருந்த பிரிட்டிஷ் கம்பெனி. விலை 1 கோடி பவுண்டு. அப்ப பழைய கார் மார்க்கெட் பலூன் மாதிரி ஊதியிருந்த நேரம். ஒப்பந்தம் முடிஞ்ச பிறகு வாங்கினவங்க பின்வாங்கிட்டாங்க. வாதம் என்னன்னா: "ஓல்டு நம்பர் ஒன்னு சொல்லி விற்றீங்க, இது அது இல்லை. எல்லாத்தையும் மாத்தியாச்சு."

வழக்கு நீதிபதி ஆட்டன் முன்னால போச்சு. அந்த வருஷம் ஜூலையிலேயே தீர்ப்பு. நம்ம ஊர்ல சம்மனே அதுக்குள்ள போய்ச் சேராது, அது இருக்கட்டும்.

காரை வருஷ வாரியாப் பிரிச்சுப் பார்த்ததுதான் தீர்ப்போட அழகு. 1929-ல ஜெயிச்ச காரோட பாகம், எந்தக் காலத்துதுன்னு சொல்ல முடியாத சில்லறைச் சாமான் தவிர, எதுவும் மிஞ்சலைன்னு நீதிபதியே ஒத்துக்கிட்டார். 1930 காருக்கும் கிட்டத்தட்ட அதே கதி. 1932-ல விபத்துல சிக்கின காரோட சேசிஸும் மற்ற பெரிய பாகங்களும்தான் கணிசமா இருந்துச்சு. இவ்வளவையும் எழுதிட்டு, விற்றவர் பக்கம் தீர்ப்பு சொன்னார்!

காரணம்: எந்த இடத்திலும் காரோட தொடர்ச்சி அறுபடலை. ஒரு பந்தயக் கார் எப்படி மாறுமோ அப்படி மாறிக்கிட்டே வந்திருக்கு. ‘நான்தான் ஓல்டு நம்பர் ஒன்’னு சொல்லிக்க உரிமையுள்ள வேற பென்ட்லி எதுவும் உலகத்துல இல்லை. விற்கப்பட்டது இரும்பு மட்டுமில்லை, அதோட வரலாறும் பெயரும் சேர்த்துத்தான்னு முடிச்சார். 1929-ல இருந்தபடியே இருக்கிற ‘ஒரிஜினல்’னு சொன்னாத்தான் தப்பு. ‘இதுதான் அந்தக் கார்’னு சொல்றது தப்பில்லை.

நட்டு_போல்ட்டு

அண்ணே எனக்கு இது ஜீரணமாகல. நான் பட்டறைக்காரன்.

வண்டி பேர் மாத்த ஆர்டிஓ ஆபீஸ் போனா என்ன கேக்குறாங்க? சேசிஸ் நம்பர் மேல பேப்பர் வச்சு பென்சிலால தேய்ச்சு பிரிண்ட் எடுத்துட்டு வா-ங்கிறாங்க. எஞ்சின் மாத்தினா ஆர்சி புக்ல ஏத்தணும். அதாவது சர்க்காருக்கே தெரியும், சேசிஸ்தான் ஆளு, மத்ததெல்லாம் சட்டை. இங்க சேசிஸே 29-து இல்லைங்கறாரு நீதிபதி. அப்புறம் எதை வச்சு அதே காருங்கறது?

என் மாமா வீட்டுல 1968 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒண்ணு இருந்துச்சு. எஞ்சின் ஒரு வண்டியோடது, கதவு ரெண்டும் புதுப்பேட்டை, டாஷ்போர்டு இன்னொரு வண்டியோடது. தகடு மட்டும் அதே தகடு. அதை ஒருத்தர் வாங்கும்போது மாமா ‘ஒரிஜினல் கண்டிஷன்’னு சொன்னாரு. நான் பக்கத்துல நின்னு தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். 1 கோடி பவுண்டுக்கு நின்னா தரையும் பத்தாது.

ஆழித்தேர்

நட்டு தம்பிக்கு ஒரு கேள்வி. நான் திருவாரூர்க்காரன்.

எங்க ஊர் ஆழித்தேர் 1926-ல் தீப்பிடித்து எரிந்தது. புதுத் தேர் செய்து 1930-ல் ஓட்டினார்கள். அப்புறம் திருச்சி பெல் செய்து கொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. அப்பர் தேவாரத்தில் ‘ஆழித்தேர் வித்தகனை நான் கண்டது ஆரூரே’ என்று பாடிய தேரின் ஒரு சிராய்கூட இன்றைக்கு இருக்காது. இப்போது ஓடுவது ஆழித்தேரா இல்லையா? எங்க ஊர் நாலு வீதியில் நின்று ‘இது அது இல்லை’ என்று சொல்லிப் பாருங்களேன்.

அந்த பென்ட்லி இரண்டாம் தடவை ஜெயித்ததும் அதே 1930. சும்மா சொன்னேன்.

நட்டு_போல்ட்டு

ஐயா, நாலு வீதியில நின்னு சொல்ற தைரியம் எனக்கு இல்லை 🙏

ஆனா தேரை யாரும் விக்கலையே? உள்ள உக்கார்ற தெய்வம் மாறலை, அதனால தேர் மாறலை. கார்ல உக்காந்தவங்க எல்லாரும் போய்ச் சேர்ந்தாச்சு. மிச்சம் இருக்கறது இரும்புதான். அந்த இரும்பும் வேறன்னா என்ன மிச்சம்?

ஆழித்தேர்

நல்ல பதில். கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எட்டாம்_கியர்

நட்டு அண்ணன் கட்சியில நானும். இரும்பு அப்படியே இருக்கிற கார் உலகத்துல இருக்கு. ஷெல்பி டேடோனா கூபே, சேசிஸ் சிஎஸ்எக்ஸ் 2287. பீட்டர் ப்ராக் வரைஞ்சது, கலிபோர்னியாவில் கட்டினது. மொத்தம் ஆறு கூபே, இதுதான் முதல்ல பிறந்தது. மத்த அஞ்சுக்கும் இத்தாலி மொடீனாவில் உடல் போட்டாங்க.

1964 பிப்ரவரி டேடோனா பந்தயத்தில் முன்னணியில் ஓடிக்கிட்டிருந்தப்ப, பிட்ல பெட்ரோல் நிரப்பும்போது தீப்பிடிச்சது. மார்ச்ல செப்ரிங் 12 மணி நேரத்தில் ஜிடி பிரிவில் முதலிடம், மொத்தத்தில் நாலாவது. ஜூன்ல லெ மான்ஸ். அங்க பேட்டரி இறங்கிப்போய் வெளி பேட்டரி வச்சு ஸ்டார்ட் பண்ணினாங்க, விதிமீறல்னு வெளியேத்திட்டாங்க. 1965 கடைசியில் பான்வில் உப்புத் தரையில் கிரெய்க் ப்ரீட்லவ் அதை வச்சு வேக, தூரச் சாதனைகள் வரிசையா எடுத்தார்.

அப்புறம் கை மாறி, பாட்டுத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர்கிட்ட வந்து, அவர்கிட்டயிருந்து அவரோட மெய்க்காவலர் குடும்பத்துக்குப் போச்சு. வாடகைக் கிடங்கில் கிட்டத்தட்ட 30 வருஷம் தூங்கிச்சு. 2001-ல வெளிய வந்தது. உரிமை யாருக்குன்னு பெரிய வழக்கு நடந்து, இப்ப ஃபிலடெல்ஃபியாவில் சிமியோன் மியூசியத்தில் இருக்கு. பெயின்ட்கூட அப்படியே, கீறலோட. 2014-ல அமெரிக்காவோட தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறின முதல் கார் இதுதான்.

இதுக்கு நீதிபதி தத்துவம் பேச வேண்டியதில்லை. போய்த் தொட்டுப் பார்க்கலாம். (தொட விடமாட்டாங்க.)

பழைய_பிஸ்டன்

எட்டாம் கியர், நல்ல உதாரணம். ஆனால் நீங்களே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். பிப்ரவரியில் தீப்பிடித்தது. மார்ச்சில் ஜெயித்தது. நடுவில் பட்டறையில் என்ன நடந்திருக்கும்? கருகியதை வெட்டி எறிந்து புதுசு போட்டார்கள். அப்படியென்றால் ‘கை படாத’ கார் எந்த மாதத்துக் கார்? டேடோனா காரா, செப்ரிங் காரா, பான்வில் காரா?

அது கடைசி ஓட்டத்தன்று எப்படி நின்றதோ அப்படி உறைந்துவிட்டது. அவ்வளவுதான். அதுவும் யாரோ பொத்திக் காத்ததால் இல்லை, எல்லோரும் மறந்துபோனதால். அந்த பென்ட்லிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. நன்றாக ஓடிய பாவத்துக்கு மறுபடி மறுபடி ஓட வைத்தார்கள்.

எட்டாம்_கியர்

ம்ம். செப்ரிங் பாயின்ட்ல மாட்டிக்கிட்டேன். ஒத்துக்கிறேன். ஆனாலும் என் கார்ல 64-65-ஓட தகரம் நிறைய இருக்கு, உங்க கார்ல 29 சுத்தமா இல்லை. அந்த வித்தியாசம் வித்தியாசம்தானே?

பழைய_பிஸ்டன்

வித்தியாசம்தான். அதை நான் எங்கே மறுத்தேன்?

மூடுபனி_நுவரெலியா

வணக்கம். நான் இலங்கையில இருந்து. எங்கட மலைநாட்டில மஹகஸ்தோட்ட மலையேற்ற ஓட்டம் 1934-ல இருந்து நடக்குது. அதால பழைய கார்க் கதை எண்டால் எனக்கும் பைத்தியம்.

பென்ட்லி எண்டு கதைக்கேக்க பார்னாட்டோவின்ர மற்றக் காரை விட்டிட்டியள். ‘ப்ளூ ட்ரெயின்’ கதை. 1930 மார்ச்சில, தென் பிரான்ஸ் கான் நகரத்தில இருந்து புறப்படுற அந்தச் சொகுசு ரயில் வடக்கில கலே துறைமுகத்துக்குப் போய்ச் சேர முதல், நான் என்ர ஸ்பீட் சிக்ஸில லண்டனுக்கே போயிடுவன் எண்டு பந்தயம் கட்டினார். போயும் சேர்ந்தார், ரயில் கலேக்கு வர நாலு நிமிசம் முந்தி.

இனித்தான் விசயம். அந்தக் கார் எது எண்டால், கர்னி நட்டிங் கட்டின வடிவான கூபே எண்டு பல பத்தாண்டாய் எல்லாரும் சொன்னவை. பின்பக்கம் சரிஞ்சு, ஒருத்தர் குறுக்கால இருந்து போற மாதிரி ஒரு சீட். டெரன்ஸ் குனியோ அந்தக் கூபே ரயிலோட போட்டி போடுற மாதிரி ஓவியமும் கீறிப்போட்டார். ஆனா அந்தக் கூபே கட்டி முடிச்சுக் கைக்கு வந்தது மே மாதம்! மார்ச்சில ஓடினதுக்கு மேயில பிறந்த கார் எப்பிடிப் போகும்? உண்மையில ஓடினது எச்.ஜே. முல்லினர் கட்டின சாதாரண நாலு கதவு சலூன்.

வடிவான காருக்குத்தான் எல்லாரும் கதை ஒட்டுவினம். அவலட்சணமான காரை ஆர் கேட்டினம்?

மஞ்சள்_ஹெட்லைட்

ஐயோ, அந்த ஓவியத்தை என் போன் வால்பேப்பரா வச்சிருக்கேன் 😭

மூடுபனி_நுவரெலியா

வைச்சிருங்கோ. கார் பொய் எண்டாலும் படம் வடிவுதானே.

தகரடப்பா

இழை எங்கேயோ போயிடுச்சு, ஆனா நல்லா இருக்கு. பிஸ்டன் சார், ஒரு கேள்வி. நம்மள மாதிரி சாதாரண ஆளு ஒரு பழைய பந்தயக் காரோட வரலாற்றைத் தேடணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கணும்? எல்லா வெப்சைட்டும் ஒண்ணையொண்ணு பார்த்து எழுதினது மாதிரியே இருக்கு.

பழைய_பிஸ்டன்

‘மாதிரி’ இல்லை, அப்படியேதான். ஒருவர் 1950-களில் செய்த தப்பை நாற்பது பேர் நகலெடுத்திருப்பார்கள்.

மூடுபனி சொன்னதில்தான் பதில் இருக்கிறது. கூபே கதையைக் கவிழ்த்தது ஒரே ஒரு தேதி. கார் எப்போது ஒப்படைக்கப்பட்டது என்ற தேதி. ஆகவே முதலில் தொழிற்சாலைப் பதிவு. பென்ட்லி விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள், ஒவ்வொரு சேசிஸுக்கும் கம்பெனி எழுதிய சர்வீஸ் பதிவுகள் நிறையவே பிழைத்திருக்கின்றன. எஞ்சின் மாற்றினது, அச்சு மாற்றினது, மோதினது எல்லாம் தேதி போட்டு இருக்கும்.

இரண்டாவது போட்டோ. போட்டோவில் பதிவு எண்ணை நம்பாதே. அது நாலு போல்ட்டில் நிற்கும் தகடு, அவசரத்துக்கு ஒரு டீம் காரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடுவார்கள். பந்தய எண்ணையும் நம்பாதே, உன் மாடலே சாட்சி. கையால் செய்த இடங்களைப் பார்: பானெட்டில் காற்றுத் துளைகள் எத்தனை, எந்த இடைவெளியில், விளக்குத் தாங்கி எந்தக் கோணத்தில், மட்கார்டில் எந்த ஒட்டு. கையால் அடித்த தகரம் கைரேகை மாதிரி. ரெண்டு கார் ஒன்றுபோல் வராது.

மூன்றாவது பந்தய ஆவணம். யார் பெயரில், எந்த எஞ்சின் கொள்ளளவில் பதிந்தார்கள் என்று. 6½ லிட்டர் எப்போது 8 லிட்டர் ஆனது என்பது அங்கே தெரிந்துவிடும்.

மனிதர்களின் ஞாபகத்தைக் கடைசியில் வை. ஓட்டியவரே சொன்னாலும் சரி. நாற்பது வருடம் கழித்து எல்லோரும் ஜெயித்த காரைத்தான் ஓட்டியிருப்பார்கள்.

குமாஸ்தா_கோட்டு

கடைசி வரிக்கு என் கைதட்டல். சாட்சிக் கூண்டுல தினமும் பார்க்கிறேன்.

இன்னொண்ணு சேர்த்துக்கறேன். இதெல்லாம் ஆராய்ச்சி ஆசை மட்டுமில்லை. இப்ப பழைய கார்ப் பந்தயங்களில் ஓடணும்னா சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ கொடுக்கிற வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் வேணும். எந்தக் காலத்து எந்த வடிவத்தில் இந்தக் கார் ஓடுதுன்னு அதுல சொல்லணும். ‘எல்லா வருஷமும் கொஞ்சம் கொஞ்சம்’னு எழுத முடியாது.

கணக்குப்பிள்ளை

ஒரு சுவையான விஷயம், யாரும் சொல்லவில்லை. 1927 லெ மான்ஸில் வைட் ஹவுஸ் வளைவில் கார்கள் குவியலாக மோதின. அதில் நசுங்கிய 3 லிட்டர் பென்ட்லி, ‘ஓல்டு நம்பர் செவன்’, தாறுமாறாக வளைந்தபடியே ஓடி ஜெயித்தது. பிறகு லண்டன் சவாய் ஹோட்டலில் வெற்றி விருந்து. அந்தக் காரையே அப்படியே சாப்பாட்டு அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள், விருந்தாளி மாதிரி.

பென்ட்லிக்காரர்கள் காரை எண் சொல்லிக் கூப்பிட்டதே அப்படித்தான். சேசிஸ் எண்ணால் இல்லை, ஏதோ ஒரு பந்தயத்தில் அதன் மேல் இருந்த எண்ணால்.

ஆழித்தேர்

யோசித்துவிட்டு வந்தேன். நட்டு தம்பி கேட்டது: உட்கார்ந்தவர் போய்விட்டால் என்ன மிச்சம் என்று.

தேர் எரிந்து, புதியது ஓடும்வரை நாலு வருடம் நாலு வீதியும் வெறுமையாக இருந்தன என்று எங்க வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். புதுத் தேர் வந்தபோது யாரும் ‘இது வேறு’ என்று சொல்லவில்லை, ஏனென்றால் அது பழைய தேர் நின்ற இடத்தில் நின்றது, பழைய வீதியில் திரும்பியது. அந்த பென்ட்லிக்கும் அப்படி ஒரு வீதி உண்டு. பார்னாட்டோ பட்டறை, ப்ரூக்லண்ட்ஸ் கொட்டகை, அப்புறம் ஒவ்வொரு உரிமையாளர் வீடு. நடுவில் ஒரு நாள்கூட காணாமல் போகவில்லை. நீதிபதி தொடர்ச்சி என்றது அதைத்தானே?

ஆனால் ஒன்று தம்பி சொன்னது சரி. நாங்கள் தேரை 1926-க்கு முந்தையது என்று சொல்லி விற்கமாட்டோம்.

நட்டு_போல்ட்டு

ஐயா இப்ப ஒத்துக்கிறேன். மாமா ‘ஒரிஜினல் கண்டிஷன்’னு சொன்னதுதான் தப்பு. ‘நம்ம வீட்டுலயே இருந்த ஹெரால்டு, இன்னின்ன மாத்தியிருக்கு’ன்னு சொல்லியிருந்தா நான் நிமிர்ந்து நின்னிருப்பேன். என்ன, விலை பாதியாயிருக்கும் 😄

எட்டாம்_கியர்

அப்ப பென்ட்லிக்கும் பாதி விலை, 50 லட்சம் பவுண்டு. முடிச்சுக்கலாமா?

குமாஸ்தா_கோட்டு

தீர்ப்பு வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. மேல்முறையீட்டுக் காலம் முடிஞ்சது தம்பி.

தகரடப்பா

எல்லாருக்கும் நன்றி. முடிவு பண்ணிட்டேன்.

பெட்டியைத் தூக்கிப் போடலை. மாடலுக்குக் கீழ மரப்பலகை ஒண்ணு செஞ்சு, பையன் கையால எழுத வச்சேன்: ‘பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், எம்டி 3464. பார்னாட்டோ, கிட்ஸ்டன். லெ மான்ஸ், 1930 ஜூன் 22, மாலை 4 மணி.’ பந்தயம் முடிஞ்ச நேரம் அது. அந்த நேரத்துல இருந்த கார்தான் இது, அதுக்கு முன்னயும் இல்லை பின்னயும் இல்லை.

பையன் கேக்குறான், "அப்ப 1932 கார் ஒண்ணு செய்யலாமா?"ன்னு. வேணாம்னேன். 1929 வேணா செய்யலாம், எண் 1 ஸ்டிக்கர்தான் தேடணும்.

ஒரே பிரச்சினை, பானெட் மேல இருக்கிற தோல்வார் ஒரு பக்கம் பிரிஞ்சு நிக்குது. சூப்பர் குளூ போட்டு ஒட்டிடலாமா?

நட்டு_போல்ட்டு

போடாதீங்க! ஆவி பட்டு பெயின்ட் வெள்ளையாப் பூத்துரும். மர வேலைக்குப் போடற வெள்ளைப் பசை, தீக்குச்சி முனையில ஒரு சொட்டு. ராத்திரி முழுக்க ரப்பர் பேண்டு போட்டு வைங்க. பழைய வாரைப் பிச்சு எறிஞ்சுட்டு புதுசு மட்டும் மாட்டிடாதீங்க, அப்புறம் இங்க இன்னொரு இழை ஆரம்பிக்கும்.